அரசுப் பள்ளிக்கு நிதி, கல்விக் கொள்கையில் மாற்றம்: ஊர் மக்கள் கேட்டுப் பெறும் வழி

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் பள்ளிக்கூட மனு ஒன்றாவது இல்லாமல் இருக்காது. ‘எங்கள் ஊர்ப் பள்ளியில் சுற்றுச்சுவர் இல்லை, ஆசிரியர் போதவில்லை, கழிப்பறை உடைந்து கிடக்கிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்.’ மூன்று கோரிக்கை, குறைந்தது இரண்டு துறை, ஒரே தாள். மனு கல்வித் துறைக்குப் போகும். ‘கட்டடம் எங்கள் பொறுப்பில் இல்லை’ என்று அங்கிருந்து பதில் வரும். மனு முடித்துவைக்கப்பட்டதாகக் கைபேசிக்குச் செய்தி வரும். ஊரில், ‘அரசாங்கத்திடம் காசு இல்லையாம்’ என்று பேசிக்கொள்வார்கள்.

2025-26 தமிழக பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலான மனுக்கள் தோற்பது காசில்லாமல் அல்ல. தவறான மேசைக்கு, தவறான மாதத்தில் போய்ச் சேருவதால் தோற்கின்றன. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது. ஒரு கழிப்பறையில் தொடங்கி மாநிலக் கொள்கை வரை இதே பாதைதான் போகிறது.

முதலில் ஒரு கேள்வி: சட்டம் மீறப்பட்டிருக்கிறதா, சட்டமே போதவில்லையா?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை, பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது: ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, தடையின்றி உள்ளே வரும் வசதி. இவற்றில் ஒன்று இல்லையென்றால் அது சட்ட மீறல். ‘தயவுசெய்து’ என்று எழுதத் தேவையில்லை. பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்கலாம்.

ஆசிரியர் எண்ணிக்கை வேறு கதை. அதே அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. உங்கள் பள்ளியில் 48 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள் என்றால் சட்டப்படி குறையே இல்லை. ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துகிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஒரே ஆள். தமிழ்நாட்டில் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். ‘வகுப்புக்கு ஓர் ஆசிரியர்’ என்ற கோரிக்கை நியாயமானது, ஆனால் அதை வட்டாரக் கல்வி அலுவலரால் தர முடியாது. அவர் விதிப்படிதான் நடக்கிறார். விதியை மாற்றக் கோட்டைக்குப் போக வேண்டும்.

ஆக, குறை ஒரு வழி. கொள்கை வேறு வழி. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் எளிதில் கிடைக்கக்கூடிய கழிப்பறையும், கிடைக்கக் கடினமான பணியிடத்தோடு சேர்ந்து கிடப்பில் விழும்.

பள்ளி யாருடையது?

‘அரசுப் பள்ளி’ என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல வகை. கிராமத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். ஆசிரியர் நியமனமும் கற்பித்தலும் தொடக்கக் கல்வித் துறை: வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. ஓடு உடைந்தாலும் சுவர் விழுந்தாலும் பார்க்க வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.); துறை, ஊரக வளர்ச்சித் துறை. குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் 2022-23இல் வந்தபோது அந்தப் பணமும் ஊரக வளர்ச்சித் துறை வழியாகத்தான் வந்தது. இது தெரியாமல் சென்னையில் பள்ளிக் கல்வித் துறைத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பிக் காத்திருக்கும் ஊர்கள் உண்டு.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். கட்டடம் பெரும்பாலும் பொதுப்பணித் துறை கட்டுவது, ஊரக வளர்ச்சிக்கான நபார்டு வங்கியின் கடன் உதவியிலும் கட்டுவார்கள். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளுக்கு அந்தந்த உள்ளாட்சி. நகரத்துச் சொத்து வரியில் கல்விக்கென்று ஒரு பங்கு இருக்கிறது, அது எங்கே செலவானது என்று வரி கட்டுகிற எவரும் கேட்கலாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆகியவை வேறு துறைகளின் பிள்ளைகள். இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று 2023-24 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. உங்கள் பள்ளிக் கோப்பு இன்று எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதைத் தலைமையாசிரியரிடமே கேட்டுவிடுங்கள். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு.

கணக்கைக் கையில் எடுங்கள்

நாடு முழுவதும் பள்ளி விவரங்களைத் திரட்டும் பதிவேடு யூடைஸ். அதில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. அதை வைத்து யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் அறிக்கை அட்டையைப் பார்க்கலாம்: மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம். அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘கழிப்பறை 4, செயல்பாட்டில் 4’ என்று அட்டை சொல்லும். நேரில் இரண்டு பூட்டிக் கிடக்கும். நிதி ஒதுக்குகிறவர்கள் அட்டையைத்தான் பார்க்கிறார்கள். அட்டை நன்றாக இருக்கும்வரை உங்கள் பள்ளிக்குக் குறையே இல்லை என்பதுதான் அவர்கள் கணக்கு.

அடுத்தது பள்ளி மானியம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மாணவர் எண்ணிக்கைப்படி ஆண்டு மானியம் உண்டு: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சாக்பீஸ், மின்கட்டணம், சிறு பழுது எல்லாம் இதற்குள். பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்கு என்பது விதி. 40 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய்தான் என்று தெரிந்தபின் தலைமையாசிரியர் மீதுள்ள பாதிக் கோபம் போய்விடும்.

அட்டையில் இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய வெள்ளைத் தாள் போதும், இணையவழியும் உண்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம், அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

‘1. மேற்கண்ட பள்ளிக்குக் கடந்த மூன்று நிதியாண்டுகளில் வழங்கப்பட்ட பள்ளி மானியம் ஆண்டுவாரியாக எவ்வளவு? செலவினப் பதிவேட்டின் நகல் தருக.
2. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்கள், பணிபுரிவோர், காலியிடங்கள், காலியான தேதி.
3. பள்ளிக் கட்டடங்களின் உறுதித்தன்மை குறித்த கடைசி ஆய்வறிக்கையின் நகல்.
4. சுற்றுச்சுவருக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகல். கோப்பின் இன்றைய நிலை.’

‘ஏன் இன்னும் கட்டவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. ஆவணம் தரும் கடமைதான் இருக்கிறது. முதல் இரண்டு கேள்வியை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும், அடுத்த இரண்டைக் கட்டடம் யாருடையதோ அந்த அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு: கையிலிருக்கும் பெரிய ஆயுதம்

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் மிகக் குறைவாகப் பயன்படும் அதிகாரம் இதுதான். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21 சொல்வது: குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2022-இல் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். தலைவர் ஒரு பெற்றோர். பழைய பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு (பி.டி.ஏ.) இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சங்கம், இது சட்டம் அமைத்த குழு.

பிரிவு 22தான் முக்கியம். குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சியும் போடும் திட்டத்துக்கும் தரும் மானியத்துக்கும் அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல பள்ளிகளில் அந்தத் திட்டத்தைத் தலைமையாசிரியர் ஒருவரே இரவில் உட்கார்ந்து எழுதி, மறுநாள் கையெழுத்து வாங்கிவிடுகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, கேட்க ஆள் இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாளே தீர்மான வாசகத்தை எழுதி எடுத்துப் போங்கள். ‘பள்ளிக்கு வசதிகள் செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்ற வாசகத்தால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதலாம்:

‘இப்பள்ளியின் தெற்குப் பக்கம் 62 மீட்டர் நீளத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை. அதை ஒட்டி மாவட்ட நெடுஞ்சாலை செல்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 பிரிவு 19, அட்டவணைப்படி சுற்றுச்சுவர் கட்டாயம். வரும் நிதியாண்டில் இப்பணியைச் சேர்க்குமாறு ஊராட்சி ஒன்றியத்தை இக்குழு கோருகிறது. இது பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் முன்னுரிமை 1 ஆகப் பதிவு செய்யப்படுகிறது.’

அளவு, இடம், சட்டப் பிரிவு, யார், எப்போது. தீர்மானப் பதிவேட்டில் ஏறியதும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியரை எதிராளியாக்காதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 அவரைக் கட்டிப்போட்டிருக்கின்றன. போராட்டத்துக்கு வரவோ பேட்டி கொடுக்கவோ அவரால் முடியாது. ‘சார், நீங்க பேச வேண்டாம், பதிவேட்டை மட்டும் சரியா வைங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்’ என்று ஒரு அம்மா சொல்லிவிட்டால் அவருக்கும் தெம்பு.

அதே வாசகத்தைக் கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபை. ஒன்றியத்துக்குச் சொந்தமான கட்டடத்துக்கு ஊராட்சியின் தீர்மானமும் சேர்ந்தால் கோப்பு நகரும் வேகம் வேறு.

எந்த மாதம் எதைக் கேட்பது

இந்தப் பகுதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை: சேர்க்கை. ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடக்கும். 58 பேருக்கும் 61 பேருக்கும் இடையில் ஓர் ஆசிரியர் பணியிடம் நிற்கிறது. மூன்று குழந்தையைச் சேர்க்க ஜூலையில் வீடு வீடாகப் போவது, பத்து ஆர்ப்பாட்டத்துக்குச் சமம். செப்டம்பரில் சேர்த்தால் அந்த ஆண்டுக்கு உதவாது.

செப்டம்பர் 30: யூடைஸ் விவரத்துக்கான தேதி. அதற்குள் அட்டையில் உள்ள பொய்யான நிறைவுகளைத் திருத்தச் சொல்லி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர்: துறைகள் அடுத்த ஆண்டு மதிப்பீட்டைத் தயாரிக்கும் காலம். எம்.எல்.ஏ.வைப் பார்க்க இதுதான் சரியான நேரம். சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. நிதி 5 கோடி. பணி அளவும் மதிப்பீடும் இடப் பட்டா நகலும் சேர்த்துக் கொடுத்தால்தான் அவர் உதவியாளர் கோப்பில் வைப்பார். வெறும் மனு மேசையிலேயே தங்கிவிடும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை: சமக்ர சிக்‌ஷாவுக்கான மாநில ஆண்டுத் திட்டம் டெல்லியில் திட்ட ஒப்புதல் குழு முன் வைக்கப்படும். அதன் கூட்டக் குறிப்பு பொதுவெளியில் கிடைக்கும். எந்தத் தலைப்பில் எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மாநில பட்ஜெட். பின்னர், ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம். பள்ளிக் கல்விக்கு எண் 43. அப்போது வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பை முழுதாகப் படியுங்கள். அமைச்சர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மே மாதம் மனு கொடுப்பது ஊர் வழக்கம், பள்ளி திறக்கப் போகிறதே என்று. அந்த ஆண்டு பட்ஜெட் அப்போது முடிந்துபோயிருக்கும்.

ஒரு பள்ளியிலிருந்து கொள்கைக்கு

‘வகுப்புக்கு ஓர் ஆசிரியர்’ கோரிக்கைக்கு வருவோம். ஒரு பள்ளிப் பெற்றோரால் ஆகாது. ஒன்றியத்தில் உள்ள எல்லா ஈராசிரியர் பள்ளிகளின் பட்டியலையும் தகவல் உரிமையில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள், எத்தனை கூடுதல் பணியிடம் வேண்டும் என்று எண்ணுங்கள். பிறகு செலவு: தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 20,600 ரூபாய், படிகள் தனி. இதைப் பெருக்கி, ஒன்றியத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லுங்கள். நிதித் துறை கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.

எல்லாம் ஒரே ஆண்டில் என்று கேட்காமல் படிநிலை வையுங்கள்: முதலில் 40 பிள்ளைகளுக்கு மேல் உள்ள ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியர். மேலாண்மைக் குழு வழியாகத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர் போடுகிறோம் என்று பதில் வரலாம். 2022-இல் அந்த முறை வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்தான் அறிவித்தார்கள். காலியிடம் நிரம்பும்வரை அதை ஏற்றுக்கொள்ளலாம். கோரிக்கை நிறைவேறியதாக மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கொள்கை மாறியதற்கு நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. 2019 செப்டம்பரில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று தமிழக அரசு ஆணையிட்டது. பெற்றோர், ஆசிரியர் அமைப்புகள், கல்வியாளர்கள், கட்சிகள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. 2020 பிப்ரவரி 4 அன்று ஆணை ரத்தானது. கோரிக்கை ஒற்றை வரி, தேதி முன்னால் தெரியும், பாதிக்கப்படுவது யார் என்று எல்லோருக்கும் புரியும். அதனால் சில மாதத்தில் முடிந்தது. அதே 2019இல், மே 31 அன்று வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவிலிருந்த இந்தி குறித்த வாசகத்தை ஜூன் 3ஆம் தேதிக்குள் மத்திய அரசு திருத்தியது.

எல்லாப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் தரும் சமச்சீர்க் கல்வி இப்படி வேகமாக வரவில்லை. 2006-இல் முத்துக்குமரன் குழு, 2010-இல் சட்டம், 2011-இல் ஆட்சி மாறியதும் நிறுத்திவைக்கும் திருத்தம். பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள். ஜூலை 18 அன்று உயர் நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிமன்றம் புதிய கொள்கை எதையும் எழுதவில்லை. சட்டமன்றம் ஏற்கெனவே தந்ததைப் பறிக்கக் கூடாது என்றது, அவ்வளவே. குழு அறிக்கை, சட்டம், அச்சடித்த பாடநூல் எல்லாம் முன்பே இருந்ததால்தான் வழக்கு நின்றது.

குழுக்கள் கருத்துக் கேட்கும்போது எழுதிக் கொடுங்கள். மாநிலக் கல்விக் கொள்கைக்காக 2022-இல் நீதியரசர் த.முருகேசன் தலைமையில் அமைந்த குழு 2024 ஜூலையில் அறிக்கை தந்தது. கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியானது, 11ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு போனது. எழுதும்போது இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம்: இன்றைய விதி, அதனால் நடப்பது, வேண்டிய மாற்று வாசகம், செலவு. தமிழின் பெருமையில் தொடங்கும் இருபது பக்க மனுவை எந்தக் குழுச் செயலரும் முழுதாகப் படித்ததாக நான் நம்பவில்லை.

டெல்லிப் பணம் தனிச் சிக்கல். சமக்ர சிக்‌ஷாவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடாததால் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் நின்றது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. இத்தகைய இழுபறியில் ஊர் மக்கள் செய்யக்கூடியது சிறிதுதான்: அந்தப் பணம் நின்றதால் உங்கள் பள்ளியில் எது நின்றது என்று பெயரிட்டு எழுதி, உங்கள் எம்.பி.யிடம் கொடுத்து நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்கச் சொல்வது.

நீதிமன்றம் கடைசியில்

அதற்கு முன் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பைப் பிரிவு 31 அதற்குத் தந்திருக்கிறது. வழக்கறிஞர் செலவு இல்லை.

உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு என்றால், 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்ததை அடுத்து தொடரப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை மறக்காதீர்கள்: பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதி. 2012 அக்டோபரில் குடிநீர், கழிப்பறை வசதிகளை ஆறு மாதத்தில் செய்து முடிக்கச் சொன்ன தீர்ப்பும் உண்டு. மேலாண்மைக் குழுத் தீர்மானம், கிராம சபைத் தீர்மானம், தகவல் உரிமைப் பதில், மனு பெற்றதற்கான ரசீது எல்லாம் தேதி வரிசையில் இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

பத்திரிகைக்காரர்களை அழைக்கும்போது பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நிறுத்தாதீர்கள். படம் ஒரு நாள் வரும், அந்தக் குழந்தை அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படிக்க வேண்டும். இடிந்த கூரையின் படமும், தகவல் உரிமையில் வந்த ஆய்வறிக்கையின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் போதும்.

பணம் வந்த பிறகு

நிர்வாக ஒப்புதல் கிடைத்த அன்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அதன் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை மீட்டர் சுவர், எத்தனை அடி அஸ்திவாரம், என்ன கம்பி என்று அதில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(j) நடக்கும் பணியைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. ஊரில் ஒரு கொத்தனாரையோ ஓய்வு பெற்ற ஓவர்சியரையோ உடன் அழைத்துப் போங்கள்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தபின் மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களை ஆய்வு செய்து இடித்தார்கள். இடித்தது சரி; பல ஊர்களில் பிள்ளைகள் மரத்தடிக்கும் சமுதாயக் கூடத்துக்கும் போனார்கள். ஆகவே இடிப்பு ஆணை வரும்போதே மாற்று வகுப்பறைக்கும் புதுக் கட்டடத்துக்கும் சேர்த்துத் தீர்மானம் போட்டுவிடுங்கள்; 2022-இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் இடம் பிடிக்க அந்தத் தீர்மானத்தின் தேதி உதவும். வேலை முடிந்ததும் செப்டம்பர் 30க்குள் யூடைஸ் அட்டையில் புதிய சுவரும் வகுப்பறையும் ஏறியிருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.